கூடாத கொழுப்பு

இடியப்பம் பிழிகிறவளுக்குக் கை நோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கமலாம்பிகைக்கு நோவு வந்தது முழங்காலில்.

கடல் கடந்து எங்கள் சனம் குடியேறிய ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பின்பக்கச் சமையலறையில் காலை ஐந்தரைக்கு மாக் குழைக்கத் தொடங்கினால் பின்னேரம் இரண்டு மணிவரை அவள் கதிரையில் இருப்பதில்லை. நாளொன்றுக்கு எழுநூறு இடியப்பம். திருவிழாக் காலம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி நிற்கிறாளே என்று யாராவது வாய் பிளந்தால், "நான் என்ர காலில நிக்கிறன். ஆற்ற காலிலயும் நிக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டை எடுப்பாள். சிரிக்காமல் சொல்லுகிற பகிடி அது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதற்குள் ஒன்பது வருடம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

இந்த வருடம் சித்திரை மாதம் அந்தக் காலில் ஒன்று, வலது கால், வீங்கத் தொடங்கியது. முழங்காற் சில்லுக்குச் சற்று மேலே. வீங்கும், இரண்டு நாளில் வற்றும், நல்ல பிள்ளை மாதிரி ஒரு கிழமை இருக்கும், பிறகு திரும்பவும் வீங்கும்.

"கமலாக்கா, ஒரு இடியப்பத்தைச் சுருட்டி முழங்காலுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறியள்" என்றாள் பக்கத்தில் நின்று சம்பல் அரைக்கிற ஷாமிலா. "முதலாளி றமேஸ் அண்ணை கண்டால் வேலை போகும்."

"ஒண்டில்லையடி, ஒரு டசின். முதலாளிக்குச் சொல்லிப்போட்டுத்தான் வைச்சிருக்கிறன். நீ உன்ர உப்பைப் பார்."

குடும்ப டொக்டர் இரண்டு தரம் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. பிறகு வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரிக் குளிர்ந்த களிம்பைப் பூசி முழங்காலை ஸ்கான் பண்ணினார்கள். அதில்தான் தெரிந்தது. மூட்டுக்குள்ளே, தண்ணீருக்கு நடுவில், ஒரு கட்டி.

கட்டி என்று தமிழில் சொன்னால் சூட்டுக்கு வந்த பரு மாதிரி, இரண்டு நாள் பத்துப் போட்டால் உடைந்துவிடும் போல இருக்கும். குடும்ப டொக்டர் 'டியூமர்' என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் சத்தமில்லாமல் வந்து நிற்கும். எங்கள் சனம் அதை வாய்விட்டுச் சொல்லாது. செத்த வீட்டில் யாராவது என்ன வருத்தம் என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, "கூடாத வருத்தமாம்" என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

பெயரைச் சொல்லாமல் விடுவதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. கமலாம்பிகையிடம் அப்படிச் சொல்லாத பெயர் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அது அவள் புருசனாக இருந்தவருடைய பெயர். அவள் சொல்லாத பெயரை இந்தக் கதையும் இப்போதைக்குச் சொல்லாமல் விடுகிறது. வரவேண்டிய நேரத்தில் தானாக வரும்.

பார்க்டேலில் பதினாலாம் மாடி அபார்ட்மென்ரில் அவர்கள் இருபத்தொரு வருடம் குடும்பம் நடத்தினார்கள். அந்த இருபத்தொரு வருடமும் அவரை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டாள். புருசன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள். யாராவது வீட்டுக்காரரின் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையை இடித்து, "சொல்லு மோள்" என்பாள்.

அவர் அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. அவரிடம் ஒரேயொரு வசனம் இருந்தது. கமலாம்பிகை வேலைக்குப் போகிறேன் என்றபோது அதைச் சொன்னார். கார் ஓடப் பழகுகிறேன் என்றபோதும் சொன்னார். குசினிச் சுவருக்குத் தான் கேட்ட நிறத்தைத்தான் அடிக்கவேண்டும் என்று அவள் நின்றபோதும் சொன்னார். "உனக்குக் கொழுப்புக் கூடிப் போச்சு." பெரிய சத்தமில்லை. கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்கிற மாதிரித்தான். ஆனால் உப்பைப் போலவே அதுவும் எல்லாவற்றிலும் விழுந்தது.

மகள் தனுஷிகாவின் இருபதாவது பிறந்தநாளுக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். கேக் வெட்டுகிற நேரம் யாரோ கமலாம்பிகையைப் பார்த்து, லைசன்ஸ் எடுத்துவிட்டாராமே, கெட்டிக்காரி என்றார்கள். அவளுக்கு முகம் மலர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே முப்பது பேருக்கும் கேட்கச் சொன்னார். "இவவுக்குக் கொழுப்பு. வருசா வருசம் கூடிக்கொண்டு போகுது. கெதியில வெடிக்கும், பாருங்கோ."

முப்பது பேரும் சிரித்தார்கள். கமலாம்பிகை எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். தட்டுகளைக் கழுவி வைத்தாள். சனம் போனபிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இவ்வளவு காலமும் மரியாதைக்கு உங்கட பேரைச் சொல்லேல்லை. இனி ரோசத்துக்குச் சொல்லமாட்டன்."

அடுத்த கிழமை ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டுக்கு மாறினாள். விவாகரத்துத் தாள்களில் பெயரை வக்கீல் வாசித்தார், இவள் தலையாட்டினாள். தன் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு, தகப்பன் வைத்திலிங்கத்தின் பெயரைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் ஒரு தரமும் வரவில்லை. கோயிலில் வேறு யாரோ அதே பெயர்க்காரருக்கு அர்ச்சனை நடந்தபோது இவள் சந்தனம் எடுக்கிற சாட்டில் அப்பால் போனாள்.

அதனால்தான் முழங்கால் விசயத்தை அவள் தனுஷிகாவுக்குச் சொல்லவில்லை. மகள் கலியாணம் கட்டி அஜக்ஸில் இருக்கிறாள், ஒஷாவாவில் வேலை. பாசக்காரி. ஆனால் வாயில் எதுவும் நிற்காது. அம்மாவுக்குக் கட்டியாம் என்று தகப்பனுக்குப் போய்விடும். "கொழுப்பெடுத்துத் திரிஞ்சாள், இப்ப பார்" என்று அந்த மனிசன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது வருடம் நின்ற நிலை ஒரு நிமிடத்தில் சரிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்க மூன்று மாதம் காத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் எழுநூறு இடியப்பத்தில் ஒன்று குறையவில்லை.

படம் எடுத்த பிறகு எலும்பு மூட்டு டொக்டரிடம் அனுப்பினார்கள். ஸ்டெபனி என்று பெயர், நெட்டையான பெண், சுற்றி வளைத்துக் கதைக்காதவர். கொம்பியூட்டரைத் திருப்பி முழங்காலின் உள்பக்கத்தைக் காட்டினார். மெதுவான ஆங்கிலத்தில்தான் சொன்னார், கமலாம்பிகைக்கு முக்கால்வாசி விளங்கியது.

முதற் படத்தில் கட்டி வெள்ளையாக இருந்தது. தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பும் அதே வெள்ளை. அடுத்தது இன்னொரு விதமாக எடுத்த படம். கொழுப்பை மட்டும் அணைத்துவிடு என்று மெசினுக்குச் சொல்லி எடுப்பார்களாம். அதில் தோலுக்குக் கீழே இருந்த கொழுப்புக் கறுத்துப் போயிருந்தது. கட்டியும் கூடவே கறுத்துப் போயிருந்தது. அப்படியென்றால் கட்டிக்குள் இருப்பது கொழுப்புத்தான். பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டி.

"பெரும்பாலும்" என்ற சொல்லில் டொக்டர் நின்றார்.

கட்டிக்கு நடுவில் நூல் மாதிரி இரண்டு மூன்று கோடுகள் இருந்தன. அவை கறுக்கவில்லை. வெறும் கொழுப்புக் கட்டியிலும் அப்படி நூல்கள் இருக்கலாம். கொழுப்பு மாதிரி நடிக்கிற கூடாத கட்டியிலும் இருக்கலாம். இந்தப் படத்தை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல ஏலாது. ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும். அதிலும் தெளியாவிட்டால் முழங்காலை நீளத்துக்குத் திறந்து, சுற்றியிருக்கிற சதையோடு சேர்த்து வெட்டியெடுக்க வேண்டிவரும். பிறகு மாதக்கணக்கில் அந்தக் காலில் பாரம் கொடுக்கக்கூடாது.

கமலாம்பிகை தன் காலைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"இந்த முழங்காலை முந்தி எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்டார். பழைய படம் ஒன்று இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூடாத கட்டி வளராமல் இருக்காது. பல வருடமாக ஒரே அளவில், அதே நூல்களோடு இருந்தால், கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

எடுத்திருந்தாள். பிரிவதற்கு ஏழெட்டு மாதம் முந்தி, மாசி மாதம். அந்த மனிசன் ஓட்டிய கார் ஐசில் வழுக்கிக் கம்பத்தில் மோதியது. இவளுக்கு முழங்காலில் அடி. இன்சூரன்ஸ்காரர் மேற்குப் பக்கத்தில் ஓரிடத்துக்கு அனுப்பிப் படம் எடுப்பித்தார்கள். சவ்வு கிழிந்ததா என்று மட்டும் பார்த்தார்கள், கிழியவில்லை என்றார்கள், விட்டார்கள். படத்தின் சீடி அந்த மனிசனின் அலுமாரியில் கிடக்கும். அவர் தாள்களை எறிகிற ஆள் இல்லை.

அலுமாரியை நினைத்த கணத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். அங்கே கேட்பதில்லை.

"எடுத்தது. பத்து வருசம் கிட்ட. என்னட்டை இல்லை. எடுத்த இடத்தில இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளியே வரவேற்பு மேசையில் துவாரகா இருந்தாள். இருபத்து மூன்று வயது, இங்கே பிறந்தவள், மூக்கில் சின்னக் கல். தமிழ்ச் சனம் வந்தால் அவர்களோடு தமிழில்தான் கதைப்பாள். அவளுடைய தமிழ் அவசரத்தில் உடுத்த சேலை மாதிரி, எங்கே கழலும் என்று தெரியாது.

"அன்ரி, உங்கட ஹெல்த் கார்ட் நம்பரைப் போட்டுப் பாத்தன், ஒண்டும் வரேல்லை. இன்சூரன்ஸில எடுத்தபடியால் கார்ட் இல்லாமல் பேரில மட்டும் ஃபைல் திறந்திருப்பினம்." அவள் அந்த இடத்துக்குப் போன் எடுத்தாள். ஜோசுவா என்ற ஒருவர் எடுத்தார். துவாரகா கேட்டாள், காத்திருந்தாள், போனைக் கையால் பொத்தினாள். "கமலாம்பிகை வைத்திலிங்கம் எண்டு ஆரும் இல்லையாம். அப்ப உங்களுக்கு வேற லாஸ்ட் நேமோ?"

கமலாம்பிகை கைப்பையை இழுத்து மூடினாள்.

"அன்ரி?"

"வேற பேர்தான்."

"என்ன பேர்?"

மேசையில் கிடந்த பேனையை எடுத்து ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதினாள். எழுதுவது சொல்லுவதாகாது. துவாரகா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்ரி, சொறி. எனக்கு 'ச' மட்டும்தான் வடிவாத் தெரியும்" என்றாள். உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு மாதிரி ஒப்பேற்றி, தனக்குத் தோன்றிய ஆங்கில எழுத்தில் ஜோசுவாவுக்குச் சொன்னாள். அதுவும் இல்லையாம். வேறொரு மாதிரி எழுதிச் சொன்னாள். இல்லையாம்.

எப்படிக் கிடைக்கும்? அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதக் குறைந்தது எட்டு விதம் இருக்கிறது. அவர் வந்திறங்கிய அன்றைக்கு விமான நிலையத்தில் இருந்த அதிகாரி தன் பாட்டுக்கு ஒன்பதாவது விதத்தில் எழுதினார். அந்த எழுத்து இருபத்தொரு வருடம் கமலாம்பிகையின் கார்டுகளிலும் கடிதங்களிலும் இருந்தது. இந்த அறையில் அது சரியாகத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

துவாரகா போனைப் பொத்தியபடி குனிந்தாள். "அன்ரி, இனி நான் சொல்ல ஏலாதாம். மூண்டு தரம் பிழைச்சால் பேஷன்ட்தான் தன்ர வாயால சொல்ல வேணுமாம். பிரைவசி. பத்து வருசம் முடிஞ்சால் பழைய படங்களை அழிச்சுப் போடுவினமாம். இன்னும் நாலு மாசம்தான் இருக்கு."

போன் அவள் பக்கம் வந்தது.

முழங்கால் விண்ணென்று வலித்தது. காத்திருக்கிறவர்களில் இரண்டு பேர் தமிழ்ச் சனம். ஒருத்தி கையில் இருந்த போனைப் பார்க்கிற மாதிரிக் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள். ஒரு சொல். சொன்னால் கால் தப்பலாம். கால் போனால் எதில் நிற்பது? நிற்பதற்காகத்தானே அந்தப் பெயரை விட்டாள்.

"ஹலோ? மேடம்?" என்றார் ஜோசுவா.

கமலாம்பிகை போனை எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"ஐ ஸ்பெல்," என்றாள். "யூ ரைட்."

"ஓகே."

"எஸ்."

"எஸ் ஃபோர்...?"

"எஸ் ஃபோர் சொதி."

"அன்ரி, அவருக்குச் சொதி தெரியாது" என்று துவாரகா உதட்டைக் கடித்தாள்.

"சரி. எஸ் ஃபோர் சோல்ட். ஏ ஃபோர் அப்பிள். ரி ஃபோர் ரீ. சி ஃபோர் கறி. எச்."

"எச் ஃபோர் ஹஸ்பண்ட்?" என்று ஜோசுவா உதவி செய்யப் பார்த்தார்.

"நோ. எச் ஃபோர் ஹெட்டேக்."

காதை வைத்திருந்த பெண் போனைக் கீழே போட்டுவிட்டாள். கமலாம்பிகை அதைக் கவனிக்கவில்லை. "ஐ ஃபோர் ஐஸ்" என்றாள், அந்த ஐசை நினைத்துக்கொண்டு. "ரி. எச். ஏ. என் ஃபோர் நோ. ஏ. என் ஃபோர் நோ. ரி. எச். ஏ. என்."

"கடைசி எழுத்தும் என்னா? என் ஃபோர் நோ?"

"யெஸ். நோ."

பதினாறு எழுத்து. ஒவ்வொன்றையும் இடியப்பம் பிழிகிற மாதிரி ஒரே அழுத்தத்தில், அறாமல், சிந்தாமல் இறக்கி வைத்தாள். மறுபக்கம் விசைகள் தட்டப்படுகிற சத்தம். பிறகு ஜோசுவா ஒரு மலையில் ஏறுகிற மாதிரி மூச்செடுத்தார்.

"சட்... சிதா... நந்தன்? கமலாம்பிகை சச்சிதானந்தன்?"

அவள் தலையாட்டினாள்.

"அன்ரி, தலையாட்டினால் அவருக்குத் தெரியாது."

"யெஸ். கரெக்ட்" என்றாள் கமலாம்பிகை. "யூ செட் இட். நொட் மீ."

ஃபைல் இருந்தது. வலது முழங்கால், மாசி மாதம், இருபத்தெட்டுப் படங்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு கிழமையும் ஷாமிலாவின் பகிடிகளுக்கு அவள் வாய் திறக்கவில்லை. "என்னக்கா, இடியப்பம் கூட இப்ப பேசாமல்தான் விழுது" என்று ஷாமிலா சொன்னபோது மட்டும், "ஓம், அதுக்கும் யோசினை இருக்கும்" என்றாள்.

டொக்டரின் அறையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் பழையது. அதன் தலையில் அந்தப் பதினாறு எழுத்து. வலது பக்கம் புதியது. டொக்டர் ஸ்டெபனி வேகமாகக் கதைத்தார். நல்ல செய்தி சொல்லுகிறவர்கள் வேகமாகக் கதைப்பார்கள். கெட்ட செய்தியைக் கெதியில் சொல்லி முடிக்க நினைக்கிறவர்களும் அப்படித்தான். கமலாம்பிகைக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டது: 'ஸ்டேபிள்'. முழங்காலை வெட்டி ஸ்டேபிளர் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் கதவைத் திறந்து துவாரகாவைக் கூப்பிட்டார். துவாரகா டொக்டர் சொன்னதைக் கேட்டாள். படங்களைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பினாள்.

"அன்ரி, உது கூடாத கட்டி."

கமலாம்பிகை அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

"அப்பவும் கூடாத கட்டி, இப்பவும் கூடாத கட்டி. பத்து வருசமாக் கூடாத கட்டி!" துவாரகாவுக்குச் சந்தோசத்தில் குரல் ஏறியது.

கமலாம்பிகை கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ செத்த வீடுகளில் தாழ்ந்த குரலில் கேட்ட சொல். இந்தப் பெண் கலியாண வீட்டில் பலகாரம் நீட்டுகிற மாதிரி அதை நீட்டுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் என்ன கல்லா? ஆனாலும் அழக்கூடாது. நிமிர்ந்தே இருந்தாள்.

"சரி," என்றாள். "எவ்வளவு காலம் எண்டு கேள் பிள்ளை."

"எவ்வளவு காலமும் இருக்கலாம் அன்ரி. அது ஒண்டும் செய்யாது."

"கூடாதது எண்டுறாய். பிறகு ஒண்டும் செய்யாது எண்டுறாய். என்னை என்ன விசரி எண்டு நினைச்சியோ?"

துவாரகாவின் சிரிப்பு நின்றது. "இல்லை... கூடாது எண்டால்..." இரண்டு கைகளையும் விரித்து, பெரிதாகிற மாதிரிக் காட்டி, பிறகு வேகமாகத் தலையை ஆட்டினாள். "இப்பிடி வரேல்லை. கூட... கூடி... குறோ பண்ணேல்லை, அன்ரி!"

"கூடேல்லையோ?"

"கூடேல்லை! அதுதான், கூடேல்லை! ஐயோ, நான் என்ன சொன்னனான்?"

கமலாம்பிகை மூச்சை விட்டாள். ஒரு இடியப்பத் தட்டு நிறைய விடக்கூடிய மூச்சு. "கூடாதது எண்டு சொல்லி என்னை அரைவாசி சாக்காட்டிப் போட்டாய், பிள்ளை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமையில போகேல்லையோ நீ?"

"போனனான். கிரேட் த்ரீயோட விட்டுட்டன்."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துவாரகா விளக்கினாள். டொக்டர் பயந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் மெதுவாக, முதலில் இருந்து காட்டினார். பழைய படத்திலும் கட்டி அதே இடத்தில்தான் இருந்தது. அன்றைக்குச் சவ்வைப் பார்த்தவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே அதே மூன்று நூல்கள், அதே வளைவு. டொக்டர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கோடு இழுத்தார். எண் வந்தது. முப்பத்தொரு மில்லிமீற்றர். புதிய படத்திலும் கோடு இழுத்தார். முப்பத்தொன்று.

"அப்ப உதுக்குள்ள இருக்கிறது என்ன?" என்று கமலாம்பிகை கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள். ஒரு தமிழ் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது.

"கொழுப்பு, அன்ரி. வெறும் கொழுப்பு."

"கூடேல்லை?"

"ஒரு மில்லிமீற்றர் கூடக் கூடேல்லை."

கமலாம்பிகை சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது, முந்தானை இல்லாத சுவெட்டரின் கையால் துடைத்தாள். வருசா வருசம் கூடுது என்று முப்பது பேருக்கு முன்னால் சொன்னாரே, அதே வருடம் எடுத்த படம். இருட்டறையில் மெசின் தட்டு தட்டென்று தட்டி, உள்ளே புகுந்து, அளந்து வைத்திருக்கிறது. கொழுப்பு இருக்கிறது. இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கூடவில்லை.

"டொக்டர் இதை எழுதித் தருவாவோ? முப்பத்தொண்டு, முப்பத்தொண்டு எண்டு?"

"ரிப்போர்ட்டில இருக்கு அன்ரி. பிரின்ற் பண்ணித் தாறன்."

கொழுப்பு என்றால் தமிழில் இன்னொரு கருத்தும் இருக்கிறது என்று துவாரகா டொக்டருக்குச் சொன்னாள். திமிர், வாய்க்காரத்தனம். டொக்டர் ஸ்டெபனி கட்டியை ஒரு பார்வை, கமலாம்பிகையை ஒரு பார்வை பார்த்தார். பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது என்றார். நிற்கிற காலில்.

வீக்கம் தொந்தரவு செய்தால் இரண்டு சின்ன ஓட்டை போட்டுக் கட்டியை எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். அவசரமில்லை. எப்போது வசதி என்று கேட்டார்.

கமலாம்பிகை யோசித்தாள். "தைப்பொங்கல் ஓடர் முடியட்டும்" என்றாள். "அதுவரைக்கும் என்ர கொழுப்பு என்னோடயே இருக்கட்டும்."

வெளியே மேசையில் துவாரகா பழைய படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அன்ரி, இரண்டு ஃபைலையும் ஒண்டாக்க வேணும். பழைய பேரில இருக்கிறதும் இனி உங்கட ஃபைலுக்குள்ள வரும். பேரை நீங்கள் ஒருக்காச் சொல்ல வேணும், பிரைவசி. எழுத்துக் கூட்டிச் சொல்லப் போறியளோ?"

"என்னத்துக்கு?" என்றாள் கமலாம்பிகை. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற சத்தத்தில் சொன்னாள். "கமலாம்பிகை வைத்திலிங்கம்."

துவாரகா தட்டினாள். பழைய படத்தின் தலையில் இருந்த பதினாறு எழுத்தும் மறைந்து, அந்த இடத்தில் அவளுடைய பெயர் வந்து இருந்தது. கமலாம்பிகை கழுத்தை நீட்டி, எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் தாளை வாங்கினாள்.

பஸ் தரிப்பில் நின்று மகளுக்குப் போன் எடுத்தாள். சித்திரை மாதத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தனுஷிகா முதலில் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"பொறுங்கோ. அந்தப் படம் அப்பான்ர பேரிலயெல்லே இருந்திருக்கும்? அம்மா! அப்பான்ர பேரைச் சொன்னியளோ?"

"ஆர் சொன்னது? நான் எழுத்தைச் சொன்னனான். பேரைச் சொன்னது ஜோசுவா."

"ஆர் ஜோசுவா?"

"அது பெரிய கதை. ஞாயிற்றுக்கிழமை வா, சொல்லுறன்."

மகள் சிரித்தாள். பிறகு தயங்கினாள். "அம்மா... அப்பா கேட்டால் சொல்லட்டோ? நீங்கள் வேண்டாமெண்டால் சொல்லமாட்டன்."

தூரத்தில் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. கமலாம்பிகை ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"கேட்காட்டிலும் சொல்லு" என்றாள். "அம்மாவுக்குக் கொழுப்பு இருக்குதாம், டொக்டரே படம் பிடிச்சுப் பாத்திட்டா எண்டு சொல்லு. முப்பத்தொரு மில்லிமீற்றர். நீங்கள் சொன்ன காலத்திலயும் முப்பத்தொண்டுதானாம், இப்பவும் முப்பத்தொண்டுதானாம் எண்டு சொல்லு. மறந்து போவாய், எழுதி வை."

பஸ் வந்து நின்றது. வலது காலை முதலில் வைத்து ஏறினாள்.